சிறு புண்ணும் பேராபத்தும்

கேரள மாநிலத்தின் இடுக்கி மாவட்டத்தில், குமுளிக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஏலமலைப் பகுதியில் சக்குபள்ளம் என்னும் ஊராட்சி அமைந்துள்ளது. ஏலத் தோட்டங்களே அவ்வட்டாரத்தின் வாழ்வு. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து காலையில் ஜீப்புகளில் மலையேறி, மாலையில் வீடு திரும்பும் தமிழ்த் தொழிலாளர் பலர். தோட்டத்து லயங்களிலேயே குடியமர்ந்துவிட்ட குடும்பங்களும் உள. மழையும் நிழலும் ஈரமும் மிகுந்த அந்நிலத்தில் ஏலம் செழிக்கின்றது. அதே ஈரத்தில் அட்டைக்கடியும், கொசுக்கடியும், முட்கீறலும், சேற்றில் ஊறிய பாதங்களும் குழந்தைகளுக்கு அன்றாட நிகழ்ச்சிகள். கடித்த இடத்தைக் குழந்தை சொறிகின்றது. சொறிந்த இடம் புண்ணாகின்றது. பெரும்பாலும் அப்புண் நான்கைந்து நாளில் தானே ஆறியும் விடுகின்றது.

மிகச் சில புண்களே ஆறாமல் உள்நோக்கிப் பரவுகின்றன. அவ்வாறு பரவும் தொற்று, நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தையை ஓரிரு நாளில், சில வேளைகளில் ஒரே இரவில், உயிருக்குப் போராடும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். ஆயிரம் சாதாரணப் புண்களுக்கு நடுவே அந்த ஒன்றை எவ்வாறு இனங்காண்பது, கண்டபின் யாது செய்வது என்பனவே இக்கட்டுரையின் பொருள். இது சக்குபள்ளத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மும்பையின் தாராவியில் நெருங்கிய வீடுகளில் வாழ்வோருக்கும், பெங்களூரிலும் தில்லியிலும் கட்டட வேலை செய்வோருக்கும், சொந்த ஊரையும் உறவினரையும் விட்டு வேற்று மொழி வழங்கும் இடங்களில் பிள்ளை வளர்க்கும் தமிழர் யாவருக்கும் இது பொருந்தும்.

நாம் மருத்துவர் அல்லோம். மைய அரசின் அலுவலகத்தில் மொழிபெயர்ப்புப் பணி புரிபவர். ஆதலின், மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்டுள்ளவற்றைப் பெற்றோருக்குப் பயன்படும் வகையில் தமிழில் எடுத்துரைப்பதே நமது நோக்கம்.

தோலுக்கு அடியில்

நமது தோல் ஒரே படலம் அன்று. மேற்றோல், அதன் கீழே உட்டோல், அதற்கும் கீழே கொழுப்பு, அதன் அடியில் தசைகளைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறை, அதற்குள் தசை என்று அடுக்கடுக்காக அமைந்துள்ளது நம் உடல். எலும்பு நீங்கலான இவ்வடுக்குகளையே மருத்துவர் மென்திசு என்பர். கிருமி எந்த அடுக்கில் தங்கியிருக்கின்றது என்பதைப் பொறுத்தே நோயின் கடுமை அமைகின்றது.

மேற்றோலில் மட்டும் தங்கினால் அது சிரங்கு. வாயைச் சுற்றியும் மூக்கினருகிலும் தேன் உறைந்தாற்போல மஞ்சள் நிறப் பொருக்கு கட்டும். சோப்பும் சுத்தமான நீரும் கொண்டு கழுவி, மருத்துவர் தரும் களிம்பைத் தடவினால் பெரும்பாலும் குணமாகும்; பல இடங்களில் பரவியிருந்தால் உள்ளுக்கும் மருந்து தேவைப்படும். ஓரிடத்தில் சீழ் திரண்டு நின்றால் அது கட்டி. அதனை மருத்துவர் முறைப்படி கீறிச் சீழை வெளியேற்றவேண்டும். உட்டோலிலும் கொழுப்பிலும் பரவினால், தோல் வீங்கிச் சிவந்து, தொட்டால் சுட்டு, வலிக்கும். கட்டியைப் போல ஒரு குமிழாக நில்லாமல் விளிம்பு தெளிவின்றிப் படரும். இதற்கு உள்ளுக்கு உண்ணும் மருந்தோ, ஊசி மருந்தோ தவறாது வேண்டும்.

தசையுறை வரை இறங்கிவிட்டால் அது நான்காம் நிலை. கொழுப்புக்கும் தசைக்கும் இடையிலுள்ள அவ்வுறையில் கிருமிகளைத் தடுக்கும் ஆற்றல் குறைவு. அதன் வழியே அவை விரைந்து பரவுகின்றன. அங்கே செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் உறைந்து அடைபடுகின்றன. இரத்தம் பெறாத திசு மடிகின்றது. சுண்ணாம்பு பூசிய நிலைக்கதவின் உட்புறத்தைக் கரையான் அரிக்கும்போது வெளியே ஒரு சிறு துளை மட்டுமே தெரிவதுபோல, உள்ளே ஒரு சாண் அகலம் அழிந்திருக்க, வெளித்தோலில் ஒரு சிறு வீக்கமே புலப்படக்கூடும். இந்நோயைக் கண்ணால் மட்டும் அளக்க இயலாது என்பதற்குக் காரணம் இதுவே.

பீகிங் நகரில் பணியாற்றிய அமெரிக்க அறுவை மருத்துவர் பிராங்க் மெலனி, 1924-ஆம் ஆண்டில் இத்தகைய இருபது நோயாளிகளைப் பற்றி விரிவாக எழுதினார். தசையுறை அழிவு நோய் என்று நாம் தமிழில் கூறத்தக்க இன்றைய பெயரை 1952-இல் வில்சன் என்பார் சூட்டினார். இதனை உண்டாக்கும் கிருமிகளில் முதன்மையானவை இரண்டு. ஒன்று, மணிகளைக் கோத்தாற்போலச் சங்கிலியாக அமைந்த ஸ்டிரெப்டோகாக்கஸ். மற்றொன்று, திராட்சைக் குலை போலத் திரண்டிருக்கும் ஸ்டெபிலோகாக்கஸ். இவை பலருடைய தொண்டையிலும் மூக்கிலும் தீங்கின்றி வாழ்பவை. தோலில் ஒரு வாயில் கிடைத்தால் உட்புகுகின்றன. 2022-ஆம் ஆண்டின் இறுதியில் பிரிட்டன், பிரான்சு, அயர்லாந்து முதலிய ஐரோப்பிய நாடுகளில் பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளிடையே ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமியின் கடுந்தொற்றுகள் வழக்கத்துக்கு மேல் காணப்பட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. செல்வமும் வசதியும் மிக்க நாடுகளும் இந்நோய்க்கு விலக்கல்ல.

பெற்றோர் அறியத்தக்க அடையாளங்கள்

முதல் அடையாளம், காண்பதற்கு மீறிய வலி. காலில் ஒரு சிறு கீறல்தான் தெரிகின்றது. ஆனால் குழந்தை அக்காலைத் தொடவிடாமல் வீறிடுகின்றது, நடக்க மறுக்கின்றது, தூக்கினாலும் அழுகின்றது. பேசத் தெரியாத குழந்தையின் இடைவிடாத அழுகையும், ஒரு கையையோ காலையோ அசைக்காமல் வைத்திருப்பதுமே அதன் மொழி. புண்ணே தெரியாமல், காய்ச்சலோடு தொடையில் கடும் வலி மட்டும் இருப்பதும் உண்டு. தசைக்குள் சீழ் கட்டும் நோய் வெப்ப நாடுகளில் நன்கு அறியப்பட்ட ஒன்று.

இரண்டாவது, விரைந்த பரவல். காலையில் கணுக்காலில் இருந்த வீக்கம் நண்பகலில் ஆடுசதையை எட்டுமாயின் அது சாதாரணமானது அன்று.

மூன்றாவது, நிறமாற்றம். நூல்கள் பலவும் சிவப்பு என்றே எழுதுகின்றன. நம் குழந்தைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் சிவப்பு எளிதில் புலப்படாது. ஆதலின் கண்ணை மட்டும் நம்பலாகாது. புறங்கையை வைத்துச் சூட்டைப் பாருங்கள். மற்றொரு காலோடு ஒப்பிட்டு வீக்கத்தைப் பாருங்கள். தோல் இறுகிப் பளபளக்கின்றதா, ஊதாவாகவோ சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறுகின்றதா, நீர்க்கொப்புளங்கள் எழுகின்றனவா என்று நோக்குங்கள். அழுத்தினால் தோலுக்கடியில் நறநறவென்று காற்று அசைவது போலத் தோன்றினால் ஒரு கணமும் தாழ்க்கலாகாது.

நான்காவது, குழந்தையின் பொது நிலை. பால் குடிக்கவோ நீர் அருந்தவோ இயலாமை, உண்டதையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பினாலும் எழாத மயக்கம் ஆகிய நான்கும் குழந்தை நோய்கள் அனைத்திலும் பேரபாயக் குறிகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. கை கால் சில்லிட்டிருத்தல், மூச்சு வாங்குதல், பல மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றையும் இவற்றோடு சேர்த்துக்கொள்க.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அழுதுகொண்டிருந்த குழந்தை திடீரென ஓய்ந்து, வீங்கிய இடத்தைத் தொட்டாலும் பேசாதிருந்தால், வலி தணிந்தது என்று மகிழ்தல் கூடாது. உணர்ச்சியைக் கொண்டுசெல்லும் நரம்புகள் மடிந்துவிட்டதாலும் வலி நிற்கும். வீக்கம் குறையாமல் வலி மட்டும் நிற்பது நல்ல குறி அன்று.

சில இடங்களில் வரும் வீக்கத்துக்குக் காத்திருத்தலே கூடாது. கண்ணைச் சுற்றி வீங்கி, விழி முன்தள்ளினாலோ அசைக்க வலித்தாலோ பார்வைக்கும் மூளைக்கும் ஆபத்து. தாடையின் கீழும் கழுத்திலும் வீங்கி, எச்சில் விழுங்க முடியாமல் வழிந்தால் மூச்சுக்கு ஆபத்து. பச்சிளங் குழந்தையின் தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கினால் அது உள்ளுறுப்புகளுக்கும் இரத்தத்துக்கும் பரவக்கூடும். இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் இருந்தாலும், உடல் இயல்புக்கு மாறாகக் குளிர்ந்திருந்தாலும், புண் இருப்பினும் இல்லாவிடினும், உடனே மருத்துவமனைக்கே கொண்டுசெல்லவேண்டும்.

பேனாவால் ஒரு கோடு

விலையில்லாத ஒரு கருவி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. அது குழந்தை பள்ளிக்கு எடுத்துச்செல்லும் பேனா. வீக்கமும் சூடும் முடியும் விளிம்பைத் தொட்டறிந்து, அதனைச் சுற்றித் தோலின்மேல் ஒரு கோடு வரைக. அருகே மணியையும் எழுதுக. ஒரு மணி நேரம் கழித்தும், இரண்டு மணி நேரம் கழித்தும் நோக்குக. கோட்டைத் தாண்டி வீக்கம் சென்றிருந்தால் அதன் பொருள் ஒன்றே: இன்றே, இப்பொழுதே மருத்துவமனை. மருத்துவர்களும் மருத்துவமனைகளில் இவ்வாறே கோடிட்டு நோயின் போக்கைக் கணிக்கின்றனர். நினைவை மட்டும் நம்பினால், "அப்போதும் இவ்வளவுதான் இருந்தது" என்று மனம் தன்னையே தேற்றிக்கொள்ளும். கோடு அவ்வாறு சமாதானம் சொல்லாது.

எனினும், முன்னர்க் கூறிய பேரபாயக் குறிகளோ, மீறிய வலியோ, நிறமாற்றமோ இருக்குமாயின் கோடு வரைந்து காத்திருக்க வேண்டியதில்லை. கோடு, ஐயம் உள்ளபோது முடிவெடுக்கத் துணை செய்வது. ஐயம் இல்லாதபோது புறப்படுவதே முறை.

புறப்படும் வரை புண்ணைக் கொதித்தாறிய நீராலும் சோப்பாலும் மென்மையாகக் கழுவித் தூய துணியால் மூடுக. வீங்கிய கை காலைத் தலையணைமேல் சற்று உயர்த்தி வைக்க. காய்ச்சலுக்குக் குழந்தையின் எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுக்கலாம். ஐபுப்ரோஃபென் என்னும் வலி மருந்தை மருத்துவர் சொல்லாமல் கொடுத்தல் வேண்டா. அம்மை கண்ட குழந்தைக்கு அறவே கூடாது. கட்டியைப் பிதுக்குதல், சூட்டு ஒத்தடம், எண்ணெய் தேய்த்து உருவுதல், சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் பற்றிடல், சாம்பலோ சாணமோ அப்புதல், கயிற்றால் இறுகக் கட்டுதல் ஆகியன கிருமியை உள்ளே தள்ளுவன. அன்றியும் மருத்துவர் காணவேண்டிய அடையாளங்களை மறைப்பன. அக்கி என்று எண்ணிக் காவி எழுதுவதும் அத்தகையதே. காவியின் செம்மைக்கு அடியில் தோலின் நிறம் மாறுவது தெரியாமற் போய்விடும்.

மூன்று தாமதங்கள்

இந்நோயில் மருந்து இல்லாமையைவிடத் தாமதமே கொடியது. வெளியூரில் வாழும் நம்மவரிடையே மூன்று வகைத் தாமதங்களைக் காண்கின்றோம்.

முதலாவது, "பழுக்கட்டும்" என்னும் தாமதம். கட்டி பழுத்து உடைந்தால் ஆறிவிடும் என்பது நம் முன்னோர் அனுபவம். சீழ்க்கட்டிக்கு அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் படர்ந்து பரவும் தொற்று பழுப்பதே இல்லை. அது உடைந்து வழிவதற்குக் காத்திருந்தால், உடல் முழுவதும் நஞ்சேறிவிடும்.

இரண்டாவது, "ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம்" என்னும் தாமதம். நாட்கூலி பெறும் தாய் ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய கூலி போயிற்று. மலைப்பாதையில் வண்டிக்கும் பணம் வேண்டும். இது அலட்சியம் அன்று, வறுமை. அதனை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் கணக்கைச் சரியாகப் பார்க்கவேண்டும். முதல் நாளில் வாய்வழி மருந்தாலோ ஊசியாலோ தீரக்கூடிய நோய், மூன்றாம் நாளில் பன்முறை அறுவையும், பல வார மருத்துவமனை வாசமும், இழந்த கூலியும் கேட்கும். அதற்குப் பின்னும் குழந்தை மீளும் என்ற உறுதி இல்லை.

மூன்றாவது, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்னும் தாமதம். நோய் வந்தால் சொந்த மண்ணையும் சொந்த மொழியையும் நாடுவது மனித இயல்பு. ஆனால் மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு வரும் இரயில் பயணத்தின் ஓர் இரவும் ஒரு பகலும் இந்நோய்க்குப் போதுமான அவகாசம். அறுவை மருத்துவரும் குழந்தை மருத்துவரும் உள்ள மிக அண்மையிலுள்ள பெரிய மருத்துவமனை எதுவோ, அதுவே அந்நேரத்தில் நம் ஊர். சக்குபள்ளத்தில் உள்ளோருக்குக் கட்டப்பனை தாலுகா மருத்துவமனையும், மலையிறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனையும் உள. மேல் சிகிச்சைக்கு இடுக்கி, கோட்டயம், தேனி ஆகிய மூன்று அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கோட்டயம் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. எது அண்மையது, எந்தச் சாலை திறந்துள்ளது என்பதை நோயற்ற நாளிலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுதல் நலம். 108 என்னும் ஆம்புலன்சு எண் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒன்றே.

வேற்று மாநிலத்தவர் என்பதற்காக அரசு மருத்துவமனையில் தடை சொல்வார்களோ என்று சிலர் அஞ்சுகின்றனர். 1996-ஆம் ஆண்டில், பச்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கில், அவசர நிலையில் வரும் நோயாளிக்குக் காலத்தாற் சிகிச்சை அளிப்பது அரசு மருத்துவமனைகளின் கடமை என்றும், அதை மறுப்பது அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு உறுதிசெய்யும் உயிர் வாழும் உரிமைக்கு மாறானது என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்த மாநிலத்துக் குடும்ப அட்டை கையிலிருந்தாலும் அத்தீர்ப்பு நம் குழந்தைக்கும் உரியதே.

சொல்லும் பொருளும்

வேற்று மொழி மருத்துவரிடம் பேசும்போது நாம் அறியாத சொல்லைவிட, அறிந்ததுபோல் தோன்றும் சொல்லே அதிகம் ஏமாற்றும். மலையாளத்தில் "பனி" என்றால் காய்ச்சல். "பனியுண்டோ?" என்று மருத்துவர் கேட்க, குளிர்காலத்துப் பனியைக் கேட்கிறார் என்று எண்ணித் தாய் இல்லை என்று தலையசைத்தால், காய்ச்சலே இல்லை என்று குறிப்பெழுதப்படும். அங்கே "நீர்" என்றால் வீக்கம். "முறிவு" என்றால் எலும்பு முறிவு அன்று, வெட்டுக்காயம். "பழுப்பு" என்றால் நிறம் அன்று, சீழ். இந்தியில் காய்ச்சலைப் "புகார்" என்பர். நமக்கோ அது முறையீடு. வீக்கம் இந்தியில் "சூஜன்", கன்னடத்தில் "ஊத". சீழ் கன்னடத்தில் "கீவு", தெலுங்கில் "சீமு". வலி கன்னடத்தில் நமக்குப் பழக்கமான "நோவு", தெலுங்கில் "நொப்பி".

மருத்துவர் அறியவேண்டியவை நான்கே. எப்பொழுது தொடங்கியது? எவ்வளவு வேகமாகப் பரவியது? வலி எத்தகையது? குழந்தை குடிக்கிறதா, சிறுநீர் கழிக்கிறதா? பரவுகிறது என்பதை மலையாளத்தில் "படருன்னு" என்றும், இந்தியில் "ஃபைல் ரஹா ஹை" என்றும் சொல்லலாம். இவையும் நினைவுக்கு வாராவிடில், குழந்தையின் காலில் மணி எழுதிய கோட்டைச் சுட்டிக்காட்டினால் போதும். எம்மொழி மருத்துவருக்கும் அது விளங்கும்.

மருத்துவமனையில் நிகழ்வன

மருத்துவமனையில் முதலில் இரத்தக் குழாய் வழியே கிருமிக்கொல்லி மருந்தும், உப்பு நீரும் செலுத்துவர். இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புவர். ஸ்டிரெப்டோகாக்கஸ் கிருமிக்குப் பெனிசிலினுடன் கிளிண்டாமைசின் என்னும் மருந்தையும் சேர்த்துத் தருவது வழக்கம். பெனிசிலின் கிருமியின் சுவரைச் சிதைக்கின்றது. கிளிண்டாமைசின் அக்கிருமி நஞ்சு உற்பத்தி செய்வதைத் தடுக்கின்றது. வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத ஸ்டெபிலோகாக்கஸ் என்று ஐயம் எழுந்தால் வேறு மருந்தும் சேர்ப்பர்.

தசையுறை அழிந்துகொண்டிருக்கின்றது என்று அறுவை மருத்துவர் கருதினால், சோதனை முடிவுகளுக்குக் காத்திராமல் உடனே திறந்து பார்க்கவேண்டும் என்பார். இவ்விடத்தில் பெற்றோர் நடுங்குகின்றனர். "இவ்வளவு சிறிய புண்ணுக்கு இவ்வளவு பெரிய அறுவையா? மருந்தாலேயே ஆற்றக்கூடாதா?" என்று கேட்டு, ஒப்புதல் தாளில் கையெழுத்திடத் தயங்குகின்றனர். கேள்வி நியாயமானதே, விடையையும் அறிதல் வேண்டும். மருந்து இரத்தத்தின் வழியேதான் செல்லும். மடிந்த திசுவில் இரத்தக் குழாய்கள் அடைபட்டுவிட்டதால் எவ்வளவு உயர்ந்த மருந்தும் அங்கே சென்று சேராது. கிருமியோ அம்மடிந்த திசுவையே உணவாகக் கொண்டு பெருகும். ஆகவே அதனை அறுத்து நீக்கியே ஆகவேண்டும். ஒரு நாள் கழித்து மீண்டும் அறுவை அரங்குக்கு எடுத்துச்சென்று, மேலும் மடிந்தது உண்டா என்று பார்ப்பதும் முறையே. முதல் அறுவை தவறிவிட்டது என்று அதற்குப் பொருள் அன்று. புண் தூய்மையானபின் வேறிடத்துத் தோலை எடுத்து ஒட்டுவர். தழும்பு இருக்கும், அரிதாகச் சிலருக்கு விரலோ கை காலின் பகுதியோ இழக்கவும் நேரும். ஆனால் காலத்தாற் செய்த அறுவை உயிரைக் காக்கின்றது. தாளில் எழுதியிருப்பது விளங்காவிடில் தமிழறிந்த செவிலியரையோ ஊழியரையோ அழைத்து விளக்கச் சொல்லும்படி தயங்காமல் கேளுங்கள். விளங்கியதும் தாமதியாமல் முடிவு செய்யுங்கள்.

மருந்தை முழுமையாக உட்கொள்ளவேண்டியதன் அருமையை ஒரு வரலாறு உணர்த்துகின்றது. 1928-இல் அலெக்சாண்டர் பிளெமிங் கண்டறிந்த பெனிசிலின், 1941-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆக்ஸ்போர்டு நகரில் ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்னும் காவலருக்குச் செலுத்தப்பட்டது. முகத்துப் புண்ணில் தொடங்கிய தொற்று அவர் உடலெங்கும் பரவியிருந்தது. சில நாளிலேயே காய்ச்சல் தணிந்தது. அவர் உணவு உண்டார். ஆனால் உலகில் இருந்த பெனிசிலினே அத்துணைச் சிறிதாக இருந்தமையால், அவருடைய சிறுநீரிலிருந்து மருந்தைப் பிரித்தெடுத்து மீண்டும் செலுத்தியும் போதவில்லை. மருந்து தீர்ந்தது, நோய் திரும்பியது, மார்ச்சு 15-ஆம் நாள் அவர் இறந்தார். அதன்பின் அவ்வாராய்ச்சியாளர் குழந்தைகளை நாடினர். சிறிய உடலுக்குச் சிறிதளவு மருந்து போதுமன்றோ! நம் நாட்டிலும் 1954-இல், உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் உதவ, புனே நகரை அடுத்த பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆண்டிபயாடிக்ஸ் நிறுவனம் தோன்றி, மறு ஆண்டில் பெனிசிலின் தயாரிக்கத் தொடங்கியது. அன்று அவருக்குக் கிட்டாத மருந்து இன்று நமக்கு மருத்துவமனையில் கிடைக்கின்றது. காய்ச்சல் விட்டதும் மருந்தை நிறுத்துவதும், மீந்த மாத்திரையை அடுத்த குழந்தைக்குக் கொடுப்பதும், தகுதியற்றவரிடம் ஊசி போட்டுக்கொள்வதும் அச்செல்வத்தை நாமே பாழாக்குவதாகும்.

வருமுன் காத்தல்

குழந்தையின் நகங்களை வாரந்தோறும் வெட்டுங்கள். தோட்டத்திலிருந்து திரும்பியதும் கால்களைச் சோப்பிட்டுக் கழுவி, விரலிடுக்குகளை உலரத் துடையுங்கள். அட்டை கடித்த இடத்தைச் சொறியவிடாமல் கழுவி மூடுங்கள். சொறி ஒருவருக்கு வந்தால் வீட்டிலுள்ள யாவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ளவேண்டும். இல்லாவிடில் அது சுற்றிச் சுற்றி வரும். பிறந்த குழந்தையின் தொப்புளில் மருத்துவர் சொல்லாத எதையும் இடாதீர்கள். தடுப்பூசிகளை உரிய காலத்தில் போடுங்கள்; இடம்பெயர்ந்தாலும் அட்டையை உடன் கொண்டுசெல்லுங்கள்.

அம்மை கண்ட வீட்டுக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். சின்னம்மையின் கொப்புளங்கள் ஒவ்வொன்றும் கிருமி நுழையும் வாயில்; குழந்தைகளுக்கு வரும் ஸ்டிரெப்டோகாக்கஸ் கடுந்தொற்று சின்னம்மையைத் தொடர்ந்து வருவதுண்டு. வேப்பிலை வைப்பதும், அன்னையை வேண்டுவதும், வீட்டைத் தூய்மையாக வைப்பதும் நம் மரபு. அவற்றை விடுமாறு நாம் கூறவில்லை. அவற்றோடு நாள்தோறும் உடலைத் தூய நீரால் கழுவுங்கள். நீரும் உணவும் குறையாமல் கொடுங்கள். காய்ச்சல் நான்கு நாளுக்கு மேல் நீடித்தாலோ, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறினாலோ, ஒரு கொப்புளத்தைச் சுற்றி மட்டும் வீங்கிச் சுட்டாலோ, அது அம்மையின் இயல்பு அன்று. தலைக்கு நீர் ஊற்றும் நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

ஏலமலையின் லயத்திலும் மாநகரத்தின் ஒற்றை அறையிலும் குழந்தைக்குக் காவல் பெற்றோரின் கண்ணும் கையுமே. பாட்டியும் அத்தையும் அருகில் இல்லாத வீட்டில், "இது சாதாரணப் புண் இல்லை" என்று முதலில் சொல்லவேண்டியவரும் அவர்களே. மருத்துவமனையில் பார்த்து, ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டால் ஒரு நாள் கூலி நட்டம். அந்த நட்டத்துக்கு அஞ்ச வேண்டா. இக்கட்டுரையைப் படித்தோர், எழுத்தறியாத அயல்வீட்டாருக்கும் இதன் பொருளை எடுத்துச் சொல்வார்களாக.